இந்தியா பேல் ஏல்: கப்பலேறிக் கல்கத்தா வந்த கசப்பு

மலர்க் குழுவினர் இந்த வருஷம் கட்டுரை கேட்டபோது, "வழக்கம்போலக் கல்வெட்டுப் பற்றி ஏதாவது எழுதிடுங்க சார்" என்றார்கள். "இல்லை, இந்தத் தடவை பீரைப் பற்றி எழுதலாம்னு இருக்கேன்" என்றேன். தொலைபேசியின் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "குடும்பத்தோட படிக்கிற மலர் ஆச்சே சார்..." என்று இழுத்தார் நண்பர்.

அவர் தயக்கம் நியாயமானதுதான். எனக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. எங்கள் பூர்வீகம் சேலம். ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தபோது 1937 அக்டோபரில் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான். கள்ளுக்கடை மூடிய அந்த நாளை எங்கள் தாத்தா தீபாவளியைச் சொல்வதுபோலச் சொல்லுவார். அந்த வீட்டுப் பிள்ளை நான். கல்கத்தாவுக்கு உத்தியோகத்துக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாச்சு. லேக் மார்க்கெட் காப்பிப்பொடி வாசனையைத் தவிர வேறு போதை அறியாதவன்.

ஆனாலும் இந்தச் சரக்கின் பெயரிலேயே இந்தியா இருக்கிறது. அது முக்கியமாக வந்து இறங்கிய துறை நம்முடைய ஹூக்ளி. கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு நாம் இதைப் பற்றி எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? அதனால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

மகன் வைத்த உலை

கதை தொடங்கியது என் மகன் அனுப்பிய ஒரு புகைப்படத்தில். அவன் அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் இருக்கிறான். சாம்பார் அண்டா மாதிரி ஒரு பெரிய எஃகுப் பாத்திரம், அதில் ஏதோ கொதிக்கிறது. பக்கத்தில் ஒரு பாட்டில். பாட்டிலின் லேபிளில் ஒரு யானை, தலைப்பாகை கட்டிய ஒரு சேவகன், பெரிய எழுத்தில் 'இந்தியா பேல் ஏல்'. "அப்பா, நானே வீட்டுல காய்ச்சினது" என்று எழுதியிருந்தான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சேலத்துத் தாத்தாவின் கொள்ளுப்பேரன் சாராயம் காய்ச்சுகிறான்! தொலைபேசியில் வார்த்தை தடித்துவிட்டது. "அங்க இது சட்டப்படி சரிதான்ப்பா, விற்கலை, நாலு நண்பர்களோட சனிக்கிழமை ஒரு கிளாஸ்" என்றான். "சாராயம் இல்லப்பா, காய்ச்சி வடிக்கிறதில்லை, தோசை மாவு மாதிரி புளிக்க வைக்கிறதுதான்" என்றும் சொன்னான். நான் வைத்துவிட்டேன். அப்புறம் இரண்டு மாதம் அவன் அம்மாவிடம்தான் பேசினான், என்னிடம் இல்லை.

இரண்டு மாதமும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது அந்த லேபிளின் பின்பக்கத்தில் அவன் அச்சிட்டிருந்த நாலு வரிதான். "1700களின் கடைசியில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்ற லண்டன்காரர், இந்தியாவுக்குப் போகும் கப்பலில் பீர் கெட்டுப்போகிறதே என்று கவலைப்பட்டு, ஹாப்ஸையும் போதையையும் கூட்டி இந்தப் புதுப் பீரைக் கண்டுபிடித்தார்" என்பது அதன் சாரம். குடிப்பது பிடிக்காது என்பது ஒரு பக்கம். வரலாறு சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் இருக்க முடியாதது என் சுபாவம். பஸ் பிடித்து அலிப்பூர் தேசிய நூலகத்துக்குப் போனேன். பழைய கல்கத்தா கெசட்டிலிருந்து செட்டன்-கார் தொகுத்து 1864 முதல் வெளிவந்த தொகுதிகளில் ஆரம்பித்து, கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

படித்ததில் தெரிந்தது: மகனின் லேபிளில் இருந்த கதை தவறு. நிஜக் கதை அதைவிடச் சுவையானது.

முதலில் பொருள் என்ன?

மது அறியாத அன்பர்களுக்காக (என்னையும் சேர்த்து) சில வார்த்தை. வாற்கோதுமையை நனைத்து, முளைகட்ட விட்டு, உலர்த்தினால் அதற்கு மால்ட் என்று பெயர். அதைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்புத் தண்ணீரை வடித்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரை ஆல்கஹாலாக மாறும். ஏல் என்பது சாதாரணக் குளிர்ச்சியில், ஏறத்தாழ 20 டிகிரியில், புளிக்கும் வகை. நம் ஊர் மார்கழி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குக் கசப்பும் மணமும் கொடுப்பது ஹாப்ஸ் என்ற கொடியின் பெண் பூங்கொத்து. தாவரவியலில் இது கஞ்சாச் செடியின் குடும்பம். இதைச் சொன்னதும் என் மனைவி, "இதுவேறயா?" என்றாள். பயப்பட வேண்டாம், ஹாப்ஸில் கஞ்சா போதை கிடையாது. ஹாப்ஸைக் கொதியின் ஆரம்பத்தில் போட்டால் கசப்பு இறங்கும். கடைசியில் போட்டால் மணம் நிற்கும். வேப்பம்பூ ரசம் வைக்கிற வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. பூவை வறுத்துப் போடுவதற்கும், கொத்தமல்லியை இறக்கும்போது கிள்ளிப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் ஹாப்ஸுக்கு மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு. பீரைப் புளிக்கவைத்துக் கெடுக்கிற பாக்டீரியா பலவற்றை அது வளரவிடாது. ஊறுகாய்க்கு உப்பு எப்படியோ, பீருக்கு ஹாப்ஸ் அப்படி.

'பேல்' என்றால் வெளிர் நிறம். விறகுப் புகையில் உலர்த்திய மால்ட் கருத்துப் போகும். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் புகையில்லாத கோக் எரிபொருள் வந்தபிறகுதான் மால்ட்டை வெளிர் நிறமாக உலர்த்துவது சுலபமாயிற்று. ஆக, வெளிர் ஏல் என்பது இந்தியாவுக்காகப் பிறந்ததல்ல. அது ஏற்கெனவே இருந்தது.

காலிக் கப்பலும் கடன் கணக்கும்

இங்கிலாந்துப் பீர் அதற்கு முன்னால் இந்தியாவுக்கு வரவில்லையா? வந்துகொண்டுதான் இருந்தது. சார்லஸ் லாக்கியர் என்ற வணிகர் 1711இல் வெளியிட்ட புத்தகத்தில், நம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பிய ஒயினுக்கும் ஆங்கிலப் பீருக்கும் இருந்த கிராக்கியைப் பற்றி எழுதியிருக்கிறார். போர்ட்டர் என்ற கறுப்புப் பீர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இந்தியாவுக்கு வந்திருக்கிறது. சிப்பாய்களுக்குக் கம்பெனி வாங்கிக் கொடுத்தது அதைத்தான். வெளிர் ஏல் அதிகாரிகளின், சிவிலியன்களின் பானம். 1784ஆம் வருஷத்துக் கல்கத்தா கெசட்டிலேயே லண்டன் போர்ட்டரும் பேல் ஏலும் விற்பனைக்கு என்று விளம்பரம் இருக்கிறது. வெப்ப நாட்டுக்கு அனுப்புகிற பீரில் ஹாப்ஸை அதிகம் போட வேண்டும் என்பதும் 1760களிலேயே பீர் காய்ச்சுபவர்களுக்குத் தெரிந்த சங்கதி.

அப்படியானால் ஹாட்ஜ்சன் என்ன செய்தார்? அவருடைய ஆலை 1752இல் லண்டனுக்குக் கிழக்கே 'போ' என்ற இடத்தில், லீ ஆற்றங்கரையில் தொடங்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நங்கூரம் போட்ட பிளாக்வால் அங்கிருந்து கூப்பிடு தூரம். படகில் ஏற்றினால் கப்பலில் இறக்கலாம்.

அந்தக் கப்பல் கேப்டன்களுக்கு ஒரு சலுகை இருந்தது. கம்பெனியின் சரக்குபோக, கொஞ்சம் இடத்தில் தங்கள் சொந்தச் சரக்கையும் ஏற்றி வியாபாரம் செய்துகொள்ளலாம். பன்றித்தொடை இறைச்சி, பாலாடைக்கட்டி, தொப்பி, கண்ணாடிச் சாமான் என்று கல்கத்தாவிலிருந்த வெள்ளைக்காரர்கள் ஏங்குகிற எல்லாவற்றையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். ஹாட்ஜ்சன் ஆலை அவர்களுக்குப் பீரைக் கடனுக்குக் கொடுத்தது. தவணை பதினெட்டு மாதம் வரை. போய், விற்று, திரும்பி வந்து கொடுத்தால் போதும். மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டு சாமான் தருகிற செட்டியாரை விட்டு நாம் வேறு கடைக்குப் போவோமா? கேப்டன்களும் போகவில்லை.

இங்கே நான் அடிக்கோடிட விரும்புகிற விஷயம் ஒன்று உண்டு. பீர் என்பது பெரும்பாலும் தண்ணீர். அவ்வளவு கனமான, மலிவான சரக்கைப் பாதி உலகம் சுற்றிக் கொண்டுவருவது எப்படிக் கட்டுப்படியாகும்? காரணம், வரும்போது கப்பலில் இடம் காலியாக இருந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்திடமிருந்து வாங்குவதற்கு நமக்குப் பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. நம்மிடமிருந்து பருத்தித் துணி, பட்டு, அவுரி, வெடியுப்பு என்று வாங்கிக்கொண்டு போகத்தான் கப்பல்கள் வந்தன. போகும்போது நிறைபாரம், வரும்போது வெற்றிடம். வெற்றிடத்துக்குக் கூலி குறைவு. நம் நெசவாளியின் துணியை ஏற்றிப் போக வந்த கப்பலின் காலி வயிற்றில்தான் இந்தப் பீர் ஏறி வந்தது. கண்டுபிடிப்பாளரின் மேதைமையை விட, வியாபாரத்தின் இந்த ஏற்றத்தாழ்வுதான் இதன் உண்மையான தாய்.

கடல் செய்த வேலை

லண்டனிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கல்கத்தா வர நாலு முதல் ஆறு மாதம் ஆகும். பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடக்க வேண்டும். மரப் பீப்பாய், உருளுகிற கப்பல், ஏறி இறங்குகிற வெப்பம். இதில் பீர் கெட்டுப்போகும் என்றுதான் நாம் நினைப்போம். ஹாட்ஜ்சன் அனுப்பியதில் ஒருவகை, இங்கிலாந்துக் கிராமத்துப் பெரிய மாளிகைகளில் வெகுகாலமாகக் காய்ச்சி வந்த 'அக்டோபர் பீர்' வகை. புது அறுவடை வாற்கோதுமையும் புது ஹாப்ஸும் சேர்த்து அக்டோபரில் காய்ச்சி, நிலவறையில் ஒரு வருஷம் இரண்டு வருஷம் வைத்து முதிரவிட்டுக் குடிப்பார்கள். 1822 ஜனவரியில் கல்கத்தா கெசட்டில் வந்த விளம்பரம், வந்திருப்பது ஹாட்ஜ்சனின் அசல் அக்டோபர் காய்ச்சல் என்றே பெருமையடித்துக்கொள்கிறது. புதுசு என்று சொல்லவில்லை. பழசு, அசல் என்றுதான் சொல்கிறது!

நிலவறையில் இரண்டு வருஷத்தில் நடக்கிற முதிர்ச்சி, கடலின் வெப்பத்திலும் ஆட்டத்திலும் சில மாதங்களில் நடந்துவிட்டது. பீப்பாய்க்குள் போட்டு அனுப்பிய ஹாப்ஸும் அதற்கு உதவியது. மரத்தின் இடுக்கில் இருந்த ஒரு காட்டு ஈஸ்ட்டும் மெல்ல வேலை செய்தது. அதை 1904இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் என்ற விஞ்ஞானி இனம்கண்டு 'பிரெட்டனோமைசிஸ்', அதாவது பிரிட்டிஷ் பூஞ்சை, என்று பெயரிட்டார். யாரும் திட்டமிடாமலே கடல் ஒரு சமையல்காரனாக இருந்திருக்கிறது. உப்பு ஜாடியில் மாவடு ஊறுவது போல.

தேநீர்க் கெண்டியில் ஒரு சோதனை

1813இல் கம்பெனியின் இந்திய வியாபார ஏகபோகம் முடிந்தது. ஹாட்ஜ்சன் வீட்டு அடுத்த தலைமுறைக்கு ஆசை பெரிதாயிற்று. 1820களின் தொடக்கத்தில் ஃபிரெடரிக் ஹாட்ஜ்சனும் கூட்டாளியும் கேப்டன்களுக்குக் கடன் கிடையாது என்றார்கள், விலையை ஏற்றினார்கள், தாங்களே கப்பலில் அனுப்பிக் கல்கத்தாவில் விற்கத் தொடங்கினார்கள். எந்தக் கடனால் வளர்ந்தார்களோ அந்தக் கடனை நிறுத்தினார்கள். கேப்டன்களுக்கும் கல்கத்தா வியாபாரிகளுக்கும் பகையானார்கள்.

அந்தச் சமயம் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ட்ரெண்ட் நதிக்கரைப் பர்ட்டன் நகரத்தாருக்குக் கஷ்ட காலம். அவர்கள் இனிப்பான கெட்டி ஏலை ரஷ்யாவுக்கு அனுப்பிப் பிழைத்தவர்கள். 1822இல் ரஷ்யா போட்ட சுங்க வரி அந்த வியாபாரத்தை அடைத்துவிட்டது. கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான காம்பெல் மார்ஜோரிபாங்க்ஸ், பர்ட்டன் ஆலை அதிபர் சாமுவேல் ஆல்சாப்பை விருந்துக்கு அழைத்து, ஹாட்ஜ்சன் பீர் பாட்டில் ஒன்றைக் காட்டி, "இந்தியச் சந்தை இருக்கும்போது நீர் ஏன் கவலைப்படுகிறீர்?" என்ற பாவனையில் பேசினார் என்பது 1853இல் புஷ்னன் என்பவர் எழுதிய புத்தகத்தில் வரும் கதை. ஆல்சாப் அந்தப் பீரின் மாதிரியை ஊருக்குக் கொண்டுவர, அவருடைய மால்ட் நிபுணர் ஜாப் குட்ஹெட் ஒரு தேநீர்க் கெண்டியில் சோதனைக் காய்ச்சல் போட்டுப் பார்த்தாராம்.

கெண்டிக் கதை எவ்வளவு நிஜமோ! ஆனால் 1823இல் ஆல்சாப்பின் வெளிர் ஏல் கல்கத்தாவுக்குக் கப்பலேறியது நிஜம். பாஸ் என்ற பர்ட்டன் ஆலையும் பின்னாலேயே வந்தது. பத்து வருஷத்துக்குள் கல்கத்தாச் சந்தையில் பாஸ் ஹாட்ஜ்சனையே முந்திவிட்டது.

பர்ட்டன்காரர்கள் ஜெயித்ததற்குக் காரணம் அவர்கள் கிணற்றுத் தண்ணீர். அந்த மண்ணில் ஜிப்சம் அதிகம். தண்ணீரில் சல்பேட் கூடினால் ஹாப்ஸின் கசப்பு நாக்கில் வழவழவென்று தங்காமல் சுத்தமாக, சுரீரென்று விழும். பீரும் தெளிவாக இருக்கும். சிறுவாணித் தண்ணீரில் காப்பி போட்டவர்கள் தண்ணீரின் மகிமையை மறுக்க மாட்டார்கள். 1878இல் வின்சென்ட் என்ற வேதியியலாளர் இந்த ரகசியத்தை விளக்கியபிறகு, எந்த ஊர்த் தண்ணீரிலும் ஜிப்சம் கலந்து பர்ட்டன் தண்ணீராக்கிவிடலாம் என்றாயிற்று.

பெயருக்கு வருவோம். 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் அச்சில் காணப்படும் மிகப் பழைய இடம் லண்டனும் அல்ல, கல்கத்தாவும் அல்ல. 1829 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கெசட்டில் வந்த விளம்பரம். கல்கத்தாக்காரனுக்கு அது வெறும் பேல் ஏல்தான். மதுரையில் யாராவது 'மதுரை மல்லி' என்று கேட்பார்களா? மல்லி என்றால் போதும். 'இந்தியா' என்பது வேறு ஊர்க்காரர்களுக்காக ஒட்டிய முகவரிச் சீட்டு.

இன்னொரு கதையும் உண்டு. 1827இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பல் லிவர்பூல் பக்கம் உடைந்ததாம். மீட்ட பீப்பாய்களை ஏலம் விட, அதை ருசித்த பிறகுதான் இங்கிலாந்துக்காரர்களுக்கு இந்தப் பீர் பழகியதாம். இது முதலில் வருவது 1869இல் மோலினோ எழுதிய பர்ட்டன் வரலாற்றில். நாற்பத்திரண்டு வருஷம் கழித்து! அவர்களுக்கு இது பழகியது, இந்தியாவிலிருந்து திரும்பிய அதிகாரிகளின் நாக்கினாலும், 1839இல் பர்ட்டனுக்கு வந்த ரயிலினாலும்.

ஆப்தாரின் கை

இத்தனைக்கும் நடுவில் நம்மவர் யாராவது இருக்கிறார்களா என்று தேடினேன். இருக்கிறார். அவர் பெயர் ஆப்தார். பெயர் என்றா சொன்னேன்? அது உத்தியோகம். ஆப் என்றால் பாரசீகத்தில் தண்ணீர். வெள்ளைக்காரர் வீட்டில் குடிக்கிற தண்ணீரையும் மதுவையும் குளிரவைப்பவர் ஆப்தார்.

கல்கத்தா வெயிலில் ஆறு மாதம் கடலில் வந்த பீரைச் சூடாகக் குடிக்க முடியுமா? பீகாரில் விளைந்த வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் அந்தத் தண்ணீர் சில்லென்று ஆகும்; கரையும்போது அது வெப்பத்தை உறிஞ்சும். அந்தத் தண்ணீரில் பாட்டிலை வைத்துக் கைவலிக்கச் சுழற்றிச் சுழற்றிக் குளிரவைப்பார் ஆப்தார். பீரங்கிக்கு மருந்தாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய அதே வெடியுப்புதான், இங்கே துரையின் பாட்டிலையும் குளிர்வித்தது.

1833 செப்டம்பரில் பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடரின் 'டஸ்கனி' கப்பல் கல்கத்தாவுக்கு ஐஸ் கொண்டுவந்தது. 180 டன் ஏற்றி, உருகியதுபோகச் சுமார் 100 டன் வந்து சேர்ந்தது. அந்த ஐஸை வைக்க மூன்று ஊர்களில் கிடங்கு கட்டினார்கள். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்தவை போய்விட்டன. 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டியது மட்டும் நிற்கிறது. அதுதான் நாம் எல்லோரும் அறிந்த ஐஸ் ஹவுஸ். 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். ஐஸ் வந்த பிறகு ஆப்தாரின் வித்தைக்கு மதிப்புக் குறைந்தது.

நான் புரட்டிய விளம்பரங்களில் கப்பலின் பெயர் இருக்கிறது, கேப்டன் பெயர் இருக்கிறது, ஆலை பெயர் இருக்கிறது, பீப்பாய் விலை சிக்கா ரூபாயில் இருக்கிறது. ஒரு ஆப்தாரின் பெயர்கூட இல்லை.

அஸ்தமனமும் மறுபிறவியும்

பிற்பாடு மலைப்பகுதிகளிலேயே பீர் ஆலைகள் வந்தன. கசவுலியில் எட்வர்ட் டயர் தொடங்கிய ஆலையைப் பலரும் அறிவர்; அவருடைய மகன்தான் 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் சுடச் சொன்ன ஜெனரல் டயர். அந்த நிறுவனத்தை 1949இல் நரேந்திரநாத் மோகன் வாங்கினார். தெற்கே 1915இல் தாமஸ் லீஷ்மன் சில ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் ஆக்கினார். சுதந்திரத்தை ஒட்டி அது விட்டல் மல்லையா கைக்கு வந்தது. லேகர் என்ற குளிர்ந்த, லேசான ஜெர்மானிய வகை உலகெங்கும் பரவியது. முதல் உலகப் போர்க் கால வரிகளால் இங்கிலாந்திலேயே ஐபிஏ தண்ணீராக மெலிந்தது. 'போ' ஆலையும் 1933இல் இடிக்கப்பட்டது.

அதை உயிர்ப்பித்தவர்கள் அமெரிக்கர்கள். அதுவும் வீட்டுச் சமையலறையில். மதுவிலக்குக் காலம் 1933இல் முடிந்தபோதும் அங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றமாகவே நீடித்தது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதை அனுமதித்தது. இதற்கு முன்பே 1972இல் ஆரிகனில் வளர்த்தெடுத்த 'கேஸ்கேட்' என்ற ஹாப்ஸ் வெளியாகியிருந்தது. நம் பம்பளிமாஸ் தோல் மாதிரி வாசனை. 1975இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை அதை வைத்து 'லிபர்ட்டி ஏல்' காய்ச்சியது. வீட்டில் காய்ச்சிப் பழகிய கென் கிராஸ்மன் 1980இல் 'சியரா நெவாடா' பேல் ஏலைக் காய்ச்சத் தொடங்கினார். அந்தக் கசப்பு மறுபடி உலகம் சுற்றி, இன்று பெங்களூரு, குருகிராம் சிற்றாலைகள் வரை வந்துவிட்டது. தேநீர்க் கெண்டியில் நடந்ததாகச் சொல்லும் கதை எப்படியோ, மறுபிறவி மட்டும் வீட்டுப் பாத்திரத்தில்தான் நடந்தது.

ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் மது மாநிலங்களின் அதிகாரம். உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது பொதுவாகக் குற்றம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் அண்டாவை ஏற்ற வேண்டாம்!

லேபிள்

இதையெல்லாம் பன்னிரண்டு பக்கம் எழுதி மகனுக்குத் தபாலில் அனுப்பினேன். அடுத்த வாரமே அவன் அழைத்தான். இரண்டு மாதம் கழித்து. "அப்பா, ஜிப்சம்னு எழுதியிருக்கீங்களே, நானும் ஒரு ஸ்பூன் போடுறேன். இந்த ஊர்த் தண்ணி மலைத் தண்ணி, உப்பே கிடையாது. புத்தகத்துல போடச் சொன்னாங்க, போட்டேன். ஏன்னு இப்பதான் தெரியுது" என்றான். ஒரு மணி நேரம் பேசினோம். சுங்க வரி, வெடியுப்பு, காலிக் கப்பல். கல்லூரியில் படிக்கும்போதுகூட அவன் என்னிடம் சரித்திரம் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் நானும் அவன் அம்மாவும் போர்ட்லாந்து போனோம். அவன் கூடத்து மூலையில் இருபது லிட்டர் கண்ணாடிக் குடுவையில் அது 'குளுக் குளுக்' என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. "மாவு பொங்குற சத்தம்" என்றாள் அவன் அம்மா. நான் குடிக்கவில்லை, அவன் வற்புறுத்தவுமில்லை. உலர்ந்த ஹாப்ஸ் பூ ஒன்றைக் கையில் கொடுத்தான். கசக்கி முகர்ந்தேன். சாத்துக்குடித் தோலும் மழைக்காலப் புல்லும் கலந்த மணம். நாக்கில் வைத்தேன். சுண்டைக்காய் வற்றலை மிஞ்சுகிற கசப்பு!

பாட்டிலில் புது லேபிள் ஒட்டியிருந்தான். யானை போயிருந்தது. ஹாட்ஜ்சன் கதை போயிருந்தது. தலைப்பாகைக்காரர் மட்டும் இருந்தார்; ஆனால் தட்டேந்தி நிற்கவில்லை, குனிந்து ஒரு வாளியில் பாட்டிலைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவர் பேரு எங்கயாவது கிடைச்சா சொல்லுங்க, போட்டுடலாம்" என்றான்.

தேடிக்கொண்டிருக்கிறேன்.